எலியோட ஈரலைக் காப்பாத்துன கீழாநெல்லி டிபி மாத்திரை சாப்பிடுற அப்பாவுக்கு ஆகுமா?

நீங்க எழுதுனதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுதேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க அப்பாவுக்கு நுரையீரல் டிபி, மாத்திரை தொடங்கி மூணு வாரம் ஆகுது. இந்த மாத்திரை சில பேருக்கு லிவரைப் பாதிக்கும்னு டாக்டர் சொல்லி ரத்த டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காரு. அதைக் கேட்ட நாள்ல இருந்து குலசேகரத்துல உங்க வீட்டுக்குப் பின்னால ரப்பர் தோட்டத்து ஓரத்துல கிடக்க கீழாநெல்லியை அம்மா பறிச்சு அரைச்சு மோர்ல கலக்கிக் குடுக்காங்க. நீங்க நெட்ல தேடிப் பாத்ததுல கார்பன் டெட்ராகுளோரைடுங்கிற ஈரலைக் கெடுக்க விஷத்தைக் குடுத்த எலிகளோட ஈரலைக் கீழாநெல்லிச் சாரம் காப்பாத்திச்சுன்னு ஒரு ஆய்வுக்கட்டுரை ஆப்ட்டுருக்கு. லேப்லயே நிரூபிச்சாச்சே, பிறகு குடுத்தா என்னன்னு கேக்கீங்க.

கீழாநெல்லி நல்லதா கெட்டதாங்கிறது இல்ல உங்க கேள்வி. எலியில கிடைச்ச பாதுகாப்பு அப்பாவுக்கும் கிடைக்குமாங்கிறதாக்கும் கேள்வி. கிடைக்கும்னு அந்தக் கட்டுரை காட்டல, காட்டவும் முடியாது. மாத்திரை ஓடுற இந்தக் காலத்துல குடுக்காம இருக்கதுதான் நல்லதுங்கிறது என் அபிப்பிராயம். நான் டாக்டர் இல்ல, சித்த வைத்தியரும் இல்ல. மருந்தியல்ல எம்.ஃபார்ம் படிச்சவன், பல வருஷம் இதே மாதிரி எலி ஆய்வு பண்ணிட்டு இப்போ நாகர்கோவில் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கேன். அதனால அந்தக் கட்டுரை எப்படி உருவாகுதுன்னு உள்ள இருந்து சொல்ல முடியும், அப்பாவுக்கு என்ன மருந்துங்கிறதை அவரைப் பாக்க டாக்டர்தான் சொல்லணும்.

லேப்ல நடக்கது இதுதான். செடியை நிழல்ல காயப்போட்டுப் பொடிச்சு, சாக்ஸ்லெட்னு ஒரு கண்ணாடிக் கருவியில வச்சு மெத்தனால் ஊத்திச் சூடாக்குவோம், பச்சையா இறங்குற சாறு போகப்போக வெளிறி நிறமத்து வரும்வரைக்கும் ஓடும். பிறகு மெத்தனாலை ஆவியாக்கி எடுத்தா அடியில கரும்பச்சையா ஒட்டுற தார் மாதிரி ஒரு பசை மிஞ்சும், அதாக்கும் 'எக்ஸ்ட்ராக்ட்'. அதைக் கொழகொழன்னு இருக்க சிஎம்சி கரைசல்ல கலக்கி, முனை உருண்ட ஊசியால எலியோட வாய் வழியா நேரா வயித்துக்குள்ள விடுவோம். எலியை அஞ்சு கூட்டமாப் பிரிக்கது வழக்கம், ஒரு கூட்டத்துல பெரும்பாலும் ஆறு. ஒண்ணும் குடுக்காத கூட்டம், விஷம் மட்டும் குடுத்த கூட்டம், விஷத்தோட, ஒப்பிட்டுப் பாக்க சிலிமரின்னு ஒரு ஈரல் மருந்து குடுத்த கூட்டம், விஷத்தோட செடிச்சாரம் குறைஞ்ச அளவுல ஒண்ணு, கூடுன அளவுல ஒண்ணு. சாரத்தை ஏழு நாள் பத்து நாள் தொடர்ந்து குடுத்துட்டுக் கடைசியில ஆலிவ் எண்ணெயில கலக்குன கார்பன் டெட்ராகுளோரைடைக் குத்துவாங்க. அடுத்த நாள் ரத்தம் எடுத்து எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ஈரல் செல் கெட்டா ரத்தத்துல ஏறுத நொதிகள்) பாத்துட்டு, எலியை அறுத்து ஈரலை ஃபார்மலின்ல போட்டு, மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்புல பாப்பாங்க.

நேர்ல பாத்தா வித்தியாசம் கண்ணுல அடிக்கும், அதை நான் மறைக்கல. நல்ல எலியோட ஈரல் செங்காவி நிறத்துல வழவழன்னு இருக்கும், விஷம் குடுத்த எலியோடது வெளுத்து வீங்கி, புள்ளிபுள்ளியாக் கிடக்கும். சீவல்ல பாத்தா நடுச்சிரையைச் சுத்தி இருக்க செல்லுகள் செத்துப்போயி, மிச்சத்துல கொழுப்புக் குமிழி நிறைஞ்சிருக்கும். கீழாநெல்லி குடுத்த எலியில அந்தச் சேதம் குறைவா இருக்கும். எஸ்ஜிபிடியும் இறங்கியிருக்கும். இது பல லேப்ல, பல தடவை, கார்பன் டெட்ராகுளோரைடு, பாரசிட்டமால், சாராயம்னு வேற வேற விஷத்துக்கும் வந்திருக்க முடிவு. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, உங்க கட்டுரையும் பொய் சொல்லல.

ஆனா அந்த வரிசையைக் கவனிச்சீங்களா? செடி முந்தி, விஷம் பிந்தி. கார்பன் டெட்ராகுளோரைடு தானா ஈரலைக் கொல்லாது, ஈரல்ல இருக்க சைட்டோகுரோம் நொதி (குறிப்பா 2இ1னு சொல்லுத வகை) அதைப் பிடிச்சு உடைச்சு ட்ரைகுளோரோமெத்தில்னு ஒரு ரேடிக்கலா, அதாவது பக்கத்துல இருக்கதைத் தாக்குத துணுக்கா மாத்தும், அதுதான் செல்லோட கொழுப்புச் சவ்வை அரிச்சு எரிக்கது. அப்போ முன்கூட்டியே குடுத்த ஒரு செடி ரெண்டு விதத்துல காப்பாத்தலாம். அந்த ரேடிக்கலை அணைக்கலாம், இல்லேன்னா அந்த நொதியையே மந்தமாக்கி விஷம் விஷமா மாறவே விடாமப் பண்ணலாம். ரெண்டாவதுன்னா செடி ஈரலைப் பலப்படுத்தல, மருந்தை உடைக்க எந்திரத்தைக் கொஞ்சம் அமத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். எஸ்ஜிபிடி நம்பரை மட்டும் பாத்து இதுல எதுன்னு பிரிக்க முடியாது, பெரும்பாலான கட்டுரைகள் பிரிச்சுப் பாக்கவும் இல்ல. ஆய்வு பண்ணுன பிள்ளைகள்கிட்ட எக்ஸாமினர் கேட்டா 'ஆன்டிஆக்சிடன்ட்' (ரேடிக்கலை அணைக்கது)னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருவாங்க.

இந்த இடத்துலதான் உங்க அப்பா விஷயம் மாறுது. டிபி மாத்திரை கார்பன் டெட்ராகுளோரைடு இல்ல. அவரு சாப்பிடுறதுல நாலு மருந்து இருக்கும், முதல் ரெண்டு மாசம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால், அதுக்குப் பிறகு நாலு மாசம் பைரசினமைடை விட்டுட்டு மிச்ச மூணும். லிவரைத் தொடக்கூடியது முதல் மூணு. ஐசோனியசிட்டை ஈரல் உடைக்க வழியே வேற, அசிட்டைலேஷன்னு சொல்லுவாங்க, அது சில ஆட்களுக்குப் பிறவியிலயே மெதுவா நடக்கும், அவங்களுக்குப் பாதிப்பு வர வாய்ப்பு கூடுதல்னு பல ஆய்வுல வந்திருக்கு. இது போக ரிஃபாம்பிசின் ஈரலோட நொதிகளை முடுக்கி விடுத மருந்து. இப்போ அதுக்கு எதிர்த்திசையில, கீழாநெல்லியோட சாரமும் அதுல இருக்க ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின்னு சொல்லுத பொருட்களும் சைட்டோகுரோம் 3ஏ4 நொதியை அடக்குதுன்னு டெஸ்ட்டியூப்ல காட்டியிருக்காங்க, அந்த நொதியால உடையுத மிடாசோலம்னு ஒரு மருந்தோட அளவு எலியோட ரத்தத்துல ஏறுனதும் பதிவாகியிருக்கு. ஒண்ணு முடுக்க, ஒண்ணு அமத்த, மூணாவது வேற வழியில போக, இதெல்லாம் ஒரே ஈரல்ல ஆறு மாசம் நடந்தா என்ன ஆகும்னு ஏழு நாள் எலி ஆய்வு சொல்லாது. கெடுதல் வந்தே தீரும்னு நான் சொல்லல. வராதுன்னு தைரியம் சொல்ல அந்தக் கட்டுரையில ஒண்ணும் இல்லேங்கேன்.

அளவையும் பாத்துக்கிடுங்க. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாரம்னு போட்டிருப்பாங்க, அதை அப்படியே மனுஷனுக்குப் பெருக்கக் கூடாது, உடம்போட பரப்பளவு கணக்குல ஏறக்குறைய ஆறால வகுக்கணும். அப்போ 60 கிலோ ஆளுக்கு ரெண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவா வரும். கேக்கச் சின்ன அளவுதான், ஆனா அது மெத்தனால் சாரம். நூறு கிராம் பொடியில பத்துப் பன்னெண்டு கிராம் சாரம் கிடைச்சதுன்னு வச்சாலும், ரெண்டு கிராம் சாரத்துக்குப் பதினஞ்சுல இருந்து இருபது கிராம் வரைக்கும் உலர்ந்த பொடி வேணும், பச்சைச் செடின்னா அதுல முக்கால்வாசி தண்ணிதானே, இன்னும் பல மடங்கு. அதோட ஃபில்லாந்தின் மாதிரி லிக்னான் பொருட்கள் தண்ணியில சரியாக் கரையாது, அரைச்சு வடிகட்டிக் குடுத்தா சக்கையோட போயிரும். ஆக அம்மா குடுக்கதும் எலிக்குக் குடுத்ததும் பேருல மட்டும்தான் ஒண்ணு.

சில சமயம் பேருல கூட ஒண்ணா இருக்காது. பழைய இந்தியக் கட்டுரைகள்ல கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிருரின்னு அறிவியல் பேர் போட்டிருக்கதுல பெரும்பாலும் அமாரஸ்ங்கிற இனம்தான், நிருரி அமெரிக்கப் பக்கத்துச் செடி. நம்ம ஊருல மழை கழிஞ்சா வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு, ரப்பர் மூட்டு எல்லாத்துலயும் முளைக்கதுல மூணு நாலு இனம் கலந்து கிடக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரன்னு காம்பே இல்லாம இலைக்கடியில ஒட்டியிருந்தா அது செங்கீழாநெல்லி, யூரினேரியா. காய் வழவழன்னு குட்டிக் காம்போட தொங்கி, பூவுக்கு அஞ்சு இதழ் இருந்தா அமாரஸா இருக்கலாம், ஆறு இதழ்னா வேற ஏதாவது, லென்ஸ் வச்சுதான் எண்ண முடியும். தென்னிந்தியக் கடைச்சரக்கை வாங்கி டிஎன்ஏ வரைக்கும் பாத்த ஒரு ஆய்வுல, நாலு கடைக்கு ஒரு கடையில வேற இனம் இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே குணம்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைவிட எனக்குப் பெரிய பயம் வேற, ரப்பர் தோட்டத்துல களைக்கொல்லி அடிப்பாங்க, வாழை மூட்டுல குருணை மருந்து போடுவாங்க, அந்த ஓரத்துல முளைச்சதைப் பறிச்சு லிவரைக் காப்பாத்தப் போறோம்னு குடுக்கது சரிதானான்னு அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

எலி ஆய்வையே நம்ம பிள்ளைகள் ஏன் இவ்வளவு பண்ணுதாங்கன்னும் சொல்லணும், அது தெரிஞ்சா கட்டுரையை எடை போட லேசா இருக்கும். எம்.ஃபார்ம்ல ஒரு வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இந்த மாடல் வசதி. செலவு குறைவு, விலங்கு நெறிமுறைக் கமிட்டி அனுமதி கிடைச்சா சில வாரத்துல முடிஞ்சிரும், முடிவும் அநேகமா நல்லதாவே வரும். மஞ்சள், பூண்டு, முருங்கைக்கீரை, கரிசலாங்கண்ணின்னு கொஞ்சம் ஆன்டிஆக்சிடன்ட் இருக்க எதைக் குடுத்தாலும் கார்பன் டெட்ராகுளோரைடு மாடல்ல எஸ்ஜிபிடி அநேகமா இறங்கத்தான் செய்யும். எல்லாரும் பாஸாகுற பரீட்சையில பாஸானவனை வச்சு அவன் கெட்டிக்காரன்னு சொல்ல முடியாது பாருங்க. தோத்த செடிகளோட கட்டுரை அச்சுக்கு வரதும் அபூர்வம். சீவலைப் பாத்து மார்க் போடுத ஆளுக்கு எது எந்தக் கூட்டத்து எலின்னு தெரிஞ்சிருந்தா கண்ணு தானா ஒரு பக்கம் சாயும், அதை மறைச்சு வச்சாங்களான்னு கட்டுரையில ஒரு வரி இருக்கான்னு தேடுங்க, பெரும்பாலும் இருக்காது. ஒப்பிட வச்ச சிலிமரினே மனுஷனுக்கு ஈரல் நோய்ல உறுதியாப் பலன் தருதுன்னு இன்னும் முடிவாகல, ஐரோப்பாவுல விஷக்காளான் தின்னவங்களுக்கு ஊசியாப் போடுதாங்க, மத்தபடி ட்ரையல்கள் முன்னும் பின்னுமாத்தான் இருக்கு. அளவுகோலே ஆட்டங்கண்டு நிக்குது.

அதுக்காக விலங்கு ஆய்வே வீண்னு எடுத்துக்கிடாதீங்க, என் சோறே அதுல வந்தது. பாரசிட்டமால் அளவுக்கு மிஞ்சினா ஈரல் ஏன் சாகுதுன்னு 1970கள்ல எலியிலயும் சுண்டெலியிலயும்தான் கண்டுபிடிச்சாங்க. அது உடைஞ்சு வர ஒரு நச்சுப்பொருள் ஈரலைக் காக்க குளுட்டாத்தயோன்னு ஒரு பொருளைத் தின்னு தீத்துருது, தீந்த பிறகு செல்லுல கை வைக்குது. அதைப் புரிஞ்சு, குளுட்டாத்தயோனைத் திருப்பி நிரப்ப அசிட்டைல்சிஸ்டீன் குடுத்துப் பாத்து, மனுஷன்லயும் பாத்து, இன்னைக்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் அதுதான் விஷமுறிவு மருந்து. விஷம் உள்ள போன பிறகு குடுத்தாலும் வேலை செய்யும், எட்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது. அங்க எந்த விஷம், எந்தப் பாதை, எப்போ குடுக்கணும்னு மூணும் தெளிவாயிருந்துச்சு. கீழாநெல்லியில இன்னும் அந்தத் தெளிவு வரல.

மனுஷன்ல கீழாநெல்லியைப் பாக்கலையான்னா பாத்திருக்காங்க, அதுவும் நம்ம சென்னையில. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்குன பிளம்பெர்க் குழுவும் தியாகராஜன் குழுவும் சேந்து, வைரஸைச் சுமந்துக்கிட்டிருந்த ஆட்களுக்கு 200 மில்லிகிராம் கேப்சூலை ஒரு நாளைக்கு மூணு வேளையா 30 நாள் குடுத்து, 1988ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதுனாங்க. மருந்து குடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்த வைரஸோட அடையாளமான ஆன்டிஜென் காணாமப் போச்சு, வெத்துக் கேப்சூல் குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பாத்துது. பிறகு தாய்லாந்து, நியூசிலாந்துல எல்லாம் செஞ்சு பாத்தப்போ அந்தப் பலன் வரல. 2011ல காக்ரேன் குழு எல்லா ட்ரையலையும் தொகுத்துப் பாத்து, வெத்து மருந்தைவிட மேல்னு சொல்ல உறுதியான சான்று இல்லேன்னு முடிச்சாங்க. இனம் மாறுனதா, பறிச்ச மண்ணும் காலமும் மாறுனதா, முதல் முடிவே தற்செயலான்னு இன்னைக்கும் பேச்சு ஓடுது. மண்ணையும் காலத்தையும் பொறுத்து செடியோட சரக்கு மாறுறது உண்மைதான், இருந்தாலும் எனக்கு இனக்குழப்பம் மேலதான் சந்தேகம் கூடுதல், ஆனா இது என் ஊகம். எப்படிப் பாத்தாலும் அது வைரஸ் பத்துன கேள்வி, மாத்திரையால வர பாதிப்பு பத்துனது இல்ல.

"எங்க பெரியப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்து கீழாநெல்லியிலதான் சரியாச்சு"ன்னு நீங்க எழுதுனதையும் விட்டுரக் கூடாது. சரியானது நிஜம். ஆனா தண்ணியால வர ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானே இறங்கும். ஓய்வு, சாராயம் நிறுத்தம்னு வைத்தியர் சொல்லுததும் ஈரலுக்கு இதம்தான், பேர் மட்டும் செடிக்குப் போச்சு. அதே மஞ்சள் நிறம் பித்தப்பைக் கல் அடைச்சாலும் வரும், கட்டி வந்தாலும் வரும், அங்க செடி தின்னுக்கிட்டு உக்காந்தா நாள் போயிரும். டிபி மாத்திரையிலயும் இதே மயக்கம் உண்டு. ஐசோனியசிட் சாப்பிடுற நூறு பேர்ல பத்துல இருந்து இருபது பேருக்கு முதல் மாசங்கள்ல எஸ்ஜிபிடி லேசா ஏறி, மாத்திரையைத் தொடரும்போதே தானா இறங்கும், ஈரல் பழகிக்கிடும். அந்த நேரம் கீழாநெல்லி குடிச்சுக்கிட்டிருந்தா பாத்தீங்களா இறக்கிருச்சுன்னு சொல்லத்தான் தோணும்.

நான் நிறுத்தச் சொல்லுதது இதுனாலதான். நாளைக்கு அவருக்கு எஸ்ஜிபிடி நிஜமாவே ஏறிச்சுன்னு வைங்க. டாக்டர் எந்த மருந்து செஞ்சதுன்னு கண்டுபிடிக்க எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒவ்வொண்ணா திரும்பச் சேத்துப் பாப்பாரு, அதுக்கு நாள் ஆகும், டிபி கிருமிக்கு அந்த இடைவெளி கொண்டாட்டம். அதுக்கு நடுவுல என்ன இனம், என்ன அளவு, என்ன மண்ணுன்னு தெரியாத ஒரு சாறு இருந்தா கணக்கே குழம்பிரும். மூலிகையாலயும் ஈரல் கெடுறது உண்டு, அதனால அதையும் சந்தேகப்பட்டுத்தான் ஆகணும், குற்றமில்லாத மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியும் வரலாம்.

அதனால சாறை நிறுத்துங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இத்தனை நாள் குடுத்ததை டாக்டர்கிட்ட ஒளிக்காமச் சொல்லுங்க, திட்டினாலும் பரவாயில்ல. மூலிகையில அம்மாவுக்கு நம்பிக்கைன்னா கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி ஆஸ்பத்திரியில போயி, டிபி மாத்திரை ஓடுதுன்னு சொல்லி ஒரு வார்த்தை கேளுங்க, படிச்ச வைத்தியர் யாரும் ரெண்டையும் கண்ணை மூடிக் கலக்கச் சொல்ல மாட்டாரு. எழுதிக் குடுத்த ரத்த டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில எடுத்தாலும் சரி. ஹெபடைடிஸ் பி பாத்தாச்சான்னு கேளுங்க, அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டான்னு நீங்க எழுதல, இருந்தா அதை நிறுத்துறது எந்தக் கீழாநெல்லியையும் விடப் பெரிய பாதுகாப்பு. காய்ச்சல் மேல்வலின்னு பாரசிட்டமால் போடுறதா இருந்தாலும் கேட்டுட்டுப் போடுங்க.

எஸ்ஜிபிடி நார்மலைவிட அஞ்சு மடங்கு தாண்டினாலோ, குமட்டல், மஞ்சள்னு தொந்தரவோட மூணு மடங்கு தாண்டினாலோதான் பொதுவா மாத்திரையை நிறுத்துவாங்க, அதுக்குக் கீழ லேசா ஏறியிருந்தா பயப்படாம டாக்டர் சொல்லுத நாள்ல திரும்ப டெஸ்ட் எடுங்க. ஆனா சோறு கண்டாலே குமட்டுது, வாந்தி எடுக்காரு, மூத்திரம் கட்டன்சாயா நிறத்துல போகுது, கண்ணு மஞ்சளிக்குது, வலப்பக்க விலாவுக்குக் கீழ வலிக்குது, இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன்னால அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ராத்திரின்னாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. டெஸ்ட் ரிசல்ட் வந்தா நம்பரை இங்க போடுங்க, அது எந்த லெவல்னு பாத்துச் சொல்லுதேன்.